பருவுக்கு ஆன்டிபயாடிக் ஜெல் தடவுகிறீர்களா? டியூபைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்!

"அண்ணா, பருவுக்கு நல்லதா ஏதாவது ஜெல் குடுங்க..."

மெடிக்கல் ஷாப்பில் இப்படிக் கேட்டு, பெயரைக்கூடப் பார்க்காமல் ஒரு சின்ன டியூபை வாங்கி வருகிறவர்கள் ஏராளம். தோழி சொன்னாள், அக்கா போன வருஷம் தடவினாள், ரீல்ஸில் பார்த்தேன் என்று வாங்குகிறவர்களும் உண்டு. அந்த டியூப்கள் பலவற்றில் இருப்பது கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து.

ஆன்டிபயாடிக் மாத்திரை என்றால் நமக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது. எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்டுக்கொள்கிறோம். அதே ஆன்டிபயாடிக் ஜெல் வடிவத்தில் வந்தால், பவுடர், ஃபேஸ் க்ரீம் வரிசையில் வைத்துவிடுகிறோம். பரு வந்தால் தடவுகிறோம், போனால் விட்டுவிடுகிறோம், மறுபடி வந்தால் மறுபடி தடவுகிறோம். சிலர் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள்.

இந்த ஜெல் மோசமான மருந்து அல்ல. சரியாகப் பயன்படுத்தினால் சிவந்து வீங்கிய பருக்களைக் குறைக்க நன்றாகவே உதவும். ஆனால், அதற்கு மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. தனியாகத் தடவக் கூடாது. குறிப்பிட்ட வாரங்களுக்கு மேல் தடவக் கூடாது. மருத்துவர் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இந்த மூன்றும் ஏன் முக்கியம், எப்படித் தடவ வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரு எப்படி உருவாகிறது?

நம் சருமத்தின் ஒவ்வொரு ரோமக்காலை ஒட்டியும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இவை அதிகம். பருவ வயதில் ஹார்மோன்கள் கூடும்போது இந்தச் சுரப்பிகள் அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. அதோடு இறந்த செல்களும் சேர்ந்து ரோமக்காலின் வாயை அடைத்துவிடுகின்றன. இந்த அடைப்புதான் பருவின் முதல் கட்டம்.

அடைப்பு மூடியபடி இருந்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் கறுப்பாகத் தெரியும். இவற்றைத்தான் ஒயிட்ஹெட், பிளாக்ஹெட் என்கிறோம். பிளாக்ஹெட்டின் கறுப்பு நிறம் அழுக்கு அல்ல. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாததற்குக் காரணம் இதுதான்.

அடைபட்ட எண்ணெய்க்குள் 'க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்' என்ற பாக்டீரியா பெருகுகிறது. இது வெளியிலிருந்து வந்து தொற்றும் கிருமி அல்ல. எல்லோருடைய சருமத்திலும் இயல்பாகவே வாழ்வது. அது அளவுக்கு மீறிப் பெருகும்போது, உடலின் எதிர்ப்பு சக்தி அதோடு மோதுகிறது. அதன் விளைவுதான் சிவப்பு, வீக்கம், வலி, சீழ்.

ஆக, பருவுக்குப் பின்னால் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. அதிக எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி. ஹார்மோன், பரம்பரை, சில மருந்துகள் என்று இவற்றைத் தூண்டும் காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறலாம்.

ஜெல் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பருவுக்கான ஆன்டிபயாடிக் ஜெல்லில் பொதுவாக 1 சதவிகிதம் கிளிண்டாமைசின் இருக்கும். எரித்ரோமைசின், நாடிஃப்ளாக்சசின், மினோசைக்ளின் போன்ற மருந்துகளும் பருவுக்கு மேல்பூச்சாகப் பயன்படுகின்றன. கிளிண்டாமைசின், பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் வேலையைத் தடுக்கிறது. புரதம் இல்லாமல் அது பெருக முடியாது. இந்த மருந்துக்கு அழற்சியைக் குறைக்கும் தன்மையும் ஓரளவு உண்டு.

மேலே சொன்ன நான்கில் இது கை வைப்பது பாக்டீரியா, அழற்சி என்ற இரண்டில்தான். எண்ணெய்ச் சுரப்பைக் குறைக்காது. அடைப்பைத் திறக்காது. அதனால் ஒயிட்ஹெட், பிளாக்ஹெட் மட்டும் இருப்பவர்களுக்கு இதனால் பெரிய பலன் கிடைக்காது. பரு ஆறிய பின் நிற்கும் கருமையான தடத்தையோ, குழித் தழும்பையோ இது போக்காது. "ரெண்டு டியூப் காலி பண்ணிட்டேன், கறுப்பு அப்படியேதான் இருக்கு" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலர், அந்த மருந்தால் முடியாத வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள்.

தனியாகத் தடவினால் என்ன ஆகும்?

ஒரு ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தடவிக்கொண்டே இருந்தால், அதற்கு அடங்கும் பாக்டீரியாக்கள் குறையும். அடங்காத சில தப்பிக்கும். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை பெருகும். சில மாதங்களில் அந்த முகத்தில் இருப்பவை பெரும்பாலும் மருந்துக்கு மசியாதவையாக மாறிவிடலாம். இதைத்தான் ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ் என்கிறோம். "முதல்ல நல்லா கேட்டுச்சு, இப்போ கேட்க மாட்டேங்குது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிக்கல் ஒரு பருவோடு முடிவதில்லை. எரித்ரோமைசினுக்கு அடங்காத பாக்டீரியா பல நேரங்களில் கிளிண்டாமைசினுக்கும் அடங்குவதில்லை. சருமத்திலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற மற்ற பாக்டீரியாக்களும் அதே மருந்தைச் சந்தித்துப் பழகிக்கொள்கின்றன. பருவுக்கு ஆன்டிபயாடிக் எடுப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களின் சருமத்திலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கண்டறியப்பட்டிருக்கிறது.

கிளிண்டாமைசின் வெறும் பரு மருந்து அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எலும்பில், மூட்டில், ஆழமான திசுக்களில் வரும் தீவிரத் தொற்றுகளுக்கு மருத்துவமனைகளில் ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கப்படும் மருந்து இது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்றாகவும் சில நேரம் கைகொடுக்கும். அவசரத்துக்கு உதவ வேண்டிய மருந்தை அலட்சியமாகச் செலவழித்துவிடக் கூடாது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு நேரடிக் காரணமாக இருந்தன என்று, 2022-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதற்குப் பரு ஜெல் மட்டும் காரணம் அல்ல. ஆனால், தேவையில்லாமல் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

துணைக்கு வரும் பென்சாயில் பெராக்சைடு

ஆன்டிபயாடிக் ஜெல்லை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. அதைத் தனியாக விடாமல், துணையோடு அனுப்ப வேண்டும். அந்தத் துணையின் பெயர் பென்சாயில் பெராக்சைடு.

இது ஆன்டிபயாடிக் அல்ல. சருமத்தில் ஆக்சிஜனை வெளியிட்டு பாக்டீரியாவைக் கொல்லும் வேதிப்பொருள். இதற்குப் பாக்டீரியாக்கள் எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதில்லை என்பதுதான் பெரிய லாபம். கிளிண்டாமைசினிடமிருந்து தப்பிக்கும் பாக்டீரியாவையும் இது விடாது. அடைப்பையும் ஓரளவு நீக்கும்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2021-ல் வெளியிட்ட பரு சிகிச்சைக் குறிப்புகள், மேல்பூச்சு ஆன்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்கின்றன. மேல்பூச்சு ஆன்டிபயாடிக்கும், ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரே நேரத்தில் சேர்த்து வேண்டாம் என்றும் சொல்கின்றன. அமெரிக்க சரும மருத்துவ அகாடமி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மேல்பூச்சு ஆன்டிபயாடிக்கைத் தனி மருந்தாகப் பரிந்துரைப்பதில்லை.

கிளிண்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே டியூபில் சேர்ந்து வரும் ஜெல்களும் இருக்கின்றன. தனித்தனியாகவும் கொடுக்கலாம். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவிகிதம், 5 சதவிகிதம் எனப் பல அளவுகளில் கிடைக்கும். அளவு கூடினால் பலனும் கூடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 2.5 சதவிகிதமே போதும். அளவு கூடக்கூட எரிச்சலும் வறட்சியும்தான் அதிகமாகும்.

ஒரு எச்சரிக்கை. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்க வைக்கும். தலையணை உறை, துண்டு, துப்பட்டா எதுவும் தப்பாது. அதைத் தடவும் நாள்களில் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் பயன்படுத்துவது நல்லது. புருவத்திலும் முடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு துணை அடாப்பலீன். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இது, ரோமக்காலின் அடைப்பைச் சரிசெய்யும். பெரும்பாலும் இரவில் தடவச் சொல்வார்கள். ஆன்டிபயாடிக்கை நிறுத்திய பிறகும் பரு திரும்பாமல் இருக்க, தொடர்ந்து தடவச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

* கிளிண்டாமைசின் மட்டும் இருந்தால், துணை மருந்து எது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

* கிளிண்டாமைசினோடு நிகோடினமைடு இருந்தால், 'ரெண்டு மருந்து இருக்கே' என்று திருப்தி அடைய வேண்டாம். நிகோடினமைடு அழற்சியைக் குறைக்க உதவும். பென்சாயில் பெராக்சைடு செய்யும் காவல் வேலையை அது செய்யாது.

* கிளிண்டாமைசினோடு அடாப்பலீன் இருந்தால், கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். இதோடு பென்சாயில் பெராக்சைடும் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்குத் தடவவே கூடாது.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவினால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று தெரியும். அதனால் பலர் விடாமல் தடவுவார்கள். சில வாரங்களில் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், புதிதாகப் பருக்கள் கொத்துக் கொத்தாக வரும். நிறுத்தினால் முகம் எரியும் என்பதால் மறுபடி தடவுவார்கள். முகத்தில் ஸ்டீராய்டு க்ரீமைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிராக இந்திய சரும மருத்துவர்கள் சங்கம் பல வருடங்களாகப் பிரசாரம் செய்துவருகிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவியிருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

டியூபில் 'ஷெட்யூல் ஹெச்' என்ற எச்சரிக்கையும் இருக்கும். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து என்று அதற்கு அர்த்தம். ஆன்டிபயாடிக் அட்டைகளில் இருக்கும் சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள் என்று 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பிரசாரமே செய்தது. கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதற்காக அது சீட்டு தேவையில்லாத மருந்தாகிவிடாது.

தடவுவது எப்படி?

மருத்துவர் சொன்ன முறைதான் முதலில். அவர் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், பொதுவாகப் பின்பற்ற வேண்டியவை இவை.

1. மென்மையான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவுங்கள். ஸ்க்ரப், நார், கரடுமுரடான துண்டு வேண்டாம். தண்ணீரை ஒற்றி எடுங்கள்.

2. முகம் நன்றாகக் காயட்டும். ஈர முகத்தில் தடவினால் எரிச்சல் கூடும். ஷேவ் செய்தவர்கள் அரை மணி நேரம் கழித்துத் தடவுவது நல்லது. சில ஜெல்களில் ஆல்கஹால் இருப்பதால் சுரீர் என்று எரியும்.

3. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னங்கள், தாடை என்று புள்ளி புள்ளியாக வைத்து, மெல்லிய படலமாகப் பரப்புங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

4. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்காதீர்கள். பரு வழக்கமாக வரும் பகுதி முழுக்கத் தடவ வேண்டும். நாளை வரப்போகும் பரு, இன்று கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கும்.

5. கண், உதடு, மூக்குத் துவாரம், வெட்டுக்காயம் ஆகியவற்றில் படக் கூடாது. கண்ணில் பட்டால் நிறைய குளிர்ந்த தண்ணீரால் கழுவுங்கள்.

6. தடவியதும் கையைக் கழுவுங்கள். கையோடு போய்க் கண்ணைக் கசக்க வேண்டாம்.

7. ஜெல் காய்ந்த பிறகு, எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்ச்சரைசர் தடவலாம். பரு உள்ள முகத்துக்கு மாய்ஸ்ச்சரைசர் கூடாது என்பது தவறான எண்ணம். வறண்ட சருமம் மருந்தைத் தாங்காது.

8. பகலில் வெளியே போனால் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன் தேவை. அடாப்பலீனும் பென்சாயில் பெராக்சைடும் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கலாம். நம் வெயிலில் பருத் தடமும் இன்னும் கறுக்கும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை வழக்கமான அளவையே தடவுங்கள். இரண்டு மடங்கு தடவினால் எரிச்சல்தான் மிச்சம். சில ஜெல்களை ஒரு நாளைக்கு ஒரு முறையும் சிலவற்றை இரண்டு முறையும் தடவ வேண்டியிருக்கும். உங்கள் சீட்டில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

பென்சாயில் பெராக்சைடோ அடாப்பலீனோ முதன்முறை தடவுகிறவர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கி, சருமம் பழகிய பின் தினமும் தடவலாம். லேசான வறட்சி, உரிதல் வருவது சகஜம். முகம் வீங்கினால், தடிப்பு வந்தால், தாங்க முடியாமல் எரிந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள்.

டியூபை வண்டி டிக்கியிலும் காரின் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். சூடு பட்டால் பென்சாயில் பெராக்சைடு சிதையும். ஆல்கஹால் கலந்த ஜெல்லை அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சேர்த்துக் கலந்த ஜெல்களுக்கு, திறந்த பிறகு எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று அட்டையில் தனியாக எழுதியிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

எத்தனை வாரம்?

ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று மருந்தை மாற்றுகிறவர்கள் நிறைய பேர். பரு சிகிச்சையில் மாற்றம் கண்ணுக்குத் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். நான்காவது நாளே ஜெல்லைக் குறைசொல்வது, விதை போட்ட மறுநாள் கிளறிப் பார்ப்பது மாதிரிதான்.

அதே சமயம், காலவரையறையே இல்லாமல் தடவுவதும் தவறு. வழக்கமாக 12 வாரங்கள் வரை தடவச் சொல்லி, பிறகு மருத்துவர் மறுபடி பார்ப்பார். பரு அடங்கியிருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, அடாப்பலீன் அல்லது பென்சாயில் பெராக்சைடைத் தொடரச் சொல்வார். அடங்கவில்லை என்றால் சிகிச்சையை மாற்றுவார். விதிவிலக்கான சூழலைத் தவிர, ஆன்டிபயாடிக் உள்ள பரு சிகிச்சை ஆறு மாதங்களைத் தாண்டக் கூடாது என்கிறது 'நைஸ்'.

பாதியில் மிஞ்சிய டியூபைப் பத்திரப்படுத்தி வைத்து, அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துத் தடவும் பழக்கமும் வேண்டாம். அக்காவின் டியூபைத் தம்பி தடவுவதும் வேண்டாம். இருவருக்கும் இருப்பது ஒரே வகைப் பருவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அது பருதானா?

ஜெல் வேலை செய்யாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகத்தில் வருவதெல்லாம் பரு அல்ல.

நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரிகளாக வந்து, நன்றாக அரித்தால், அது மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் பிரச்னையாக இருக்கலாம். வியர்வையும் புழுக்கமும் இருக்கும் ஊர்களில் இது வரும். இதற்கு ஆன்டிபயாடிக் தடவினால் குறையாது. போட்டிக்கு இருக்கும் பாக்டீரியா குறைவதால் பூஞ்சை அதிகமாகவும் வாய்ப்புண்டு. இதற்கான மருந்தே வேறு.

நெற்றியிலும் முடி ஓரத்திலும் மட்டும் சின்னப் பருக்கள் வந்தால், தலையில் வைக்கும் எண்ணெய் வழிவதும், ஹேர் க்ரீமும் காரணமாக இருக்கலாம். ஜிம்முக்குப் போகிறவர்கள் தசை வளர்ச்சிக்காக எடுக்கும் ஸ்டீராய்டு ஊசிகள், காசநோய்க்கான ஐசோனியாசிட் போன்ற சில மருந்துகள் ஆகியவற்றாலும் பரு வரலாம். மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் சொல்வது அவசியம். காசநோய் மாத்திரையைப் பருவுக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

பெண்களுக்குத் தாடையிலும் கழுத்தை ஒட்டியும் விடாமல் பரு வந்து, மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் முடியும் வளர்ந்தால் பி.சி.ஓ.எஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஜெல் மட்டும் தீர்வாகாது.

யாரெல்லாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

* கிளிண்டாமைசின் அல்லது லின்கோமைசின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த ஜெல்லைத் தொடக் கூடாது.

* பெருங்குடல் புண், க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய் இருப்பவர்களும், முன்பு ஆன்டிபயாடிக்கால் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மேலே தடவும் மருந்தில் மிகச் சிறிய அளவு ரத்தத்தில் கலக்கும். அரிதாகவே என்றாலும், ஜெல் தடவும் காலத்தில் விடாத வயிற்றுப்போக்கோ ரத்தப்போக்கோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகப் பேதியை நிறுத்தும் மாத்திரை போட வேண்டாம்.

* கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருத்துவர் சொன்னால் மட்டும் தடவ வேண்டும். மார்பில் தடவ நேர்ந்தால், குழந்தையின் வாயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். 1 முதல் 7 வயதுக்குள் பரு வருவது சாதாரணம் அல்ல. ஹார்மோன் பிரச்னை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

* ஒரே நேரத்தில் எரித்ரோமைசினையும் கிளிண்டாமைசினையும் தடவ வேண்டாம். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

மேக்கப் போடலாமா? போடலாம். ஜெல் நன்றாகக் காய்ந்த பிறகு, 'நான் காமெடோஜெனிக்' என்று எழுதியிருக்கும் பொருள்களாகப் பார்த்துப் போடுங்கள். இரவு கண்டிப்பாகக் கழுவிவிட்டுத் தூங்குங்கள்.

டூத்பேஸ்ட், எலுமிச்சைச் சாறு வைத்தால் பரு காயுமா? தோல்தான் காயும். எரிந்து, கறுத்துப்போன தடம் நிற்கலாம். ஜெல்லோடு இவற்றையும் சேர்த்தால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

கிள்ளி எடுக்கலாமா? வேண்டாம். உள்ளே இருக்கும் சீழ் இன்னும் ஆழமாகப் போய்த் தழும்பாகும்.

சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா? இனிப்பும் மைதாவும் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகள் சிலருக்குப் பருவைக் கூட்டலாம். சாப்பாட்டை மாற்றுவது மருந்துக்கு மாற்று அல்ல.

உடனே சரும மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக வலியுடன் பரு வந்தாலும், ஆறிய இடத்தில் குழி விழத் தொடங்கினாலும் ஜெல்லை நம்பி நாள் கடத்தாதீர்கள். குழித் தழும்பு வந்தபின் சரிசெய்வது கடினம், செலவும் அதிகம். வராமல் தடுப்பது சுலபம். ஆன்டிபயாடிக் மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, ஐசோட்ரெடினாயின் என்று அதற்குச் சிகிச்சைகள் இருக்கின்றன. இவற்றில் ஐசோட்ரெடினாயின், கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடும் பாதிப்பை உண்டாக்கும் என்பதால், மருத்துவர் கண்காணிப்பில்லாமல் எடுக்கவே கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சருமப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் செலவழிக்க முடியாதவர்கள் அங்கே போகலாம்.

பருக்களோடு காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால் தாமதிக்கவே கூடாது.

மனசையும் பார்க்க வேண்டும். பிள்ளை கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்கிறான், போட்டோ என்றால் ஒதுங்குகிறாள், கல்லூரிக்கு லீவு போடுகிறாள் என்றால், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். பருவால் மனச்சோர்வு வரும் பிள்ளைகள் உண்டு. பரு சின்னதாக இருந்தாலும், அவர்களுக்கு இருக்கும் பாரம் பெரிதாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போக அந்த ஒரு காரணமே போதும்.

மருத்துவர் ஜெல் எழுதிக்கொடுத்தால், இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். இதோடு சேர்த்து எதைத் தடவ வேண்டும்? இதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? பதில் கிடைத்ததும், தொடங்கும் தேதியையும் நிறுத்தும் தேதியையும் டியூபின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.